சந்தேகம் தீர்க்க நடந்து வந்த சீன மாணவர்



ஹர்ஷர் பாடத்தில் யுவான் சுவாங் என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். சீன யாத்ரீகர், ஹர்ஷர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தவர். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அவ்வளவு போதும். நான் பாடம் நடத்திய காலத்தில் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளையைக் கண்டாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பாவம், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஹுவான் சுவாங், ஹியூன் சாங், யுவான் சுவாங் என்று புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறும். சீன உச்சரிப்புக்கு நெருக்கமானது சுவான் சாங் என்பதுதான். நாம் பழகிய பெயராலேயே அவரை அழைப்போம்.

யாத்ரீகர் என்றதும் ஊர் ஊராகப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்புபவர் என்று நினைத்துக்கொள்கிறோம். யுவான் சுவாங் புனிதத் தலங்களைத் தரிசித்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வந்தது படிப்பதற்காக! இன்று உங்கள் தெருவிலுள்ள அண்ணன்களும் அக்காக்களும் மேல்படிப்புக்காக வெளிநாடு போகிறார்கள் அல்லவா? அதேபோல 1,400 ஆண்டுகளுக்கு முன்பு சீனாவிலிருந்து நம் நாட்டுக்குப் படிக்க வந்த மாணவர் அவர். ஒரு வித்தியாசம். இன்று விசா வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். யுவான் சுவாங் அரசாங்கத்துக்குத் தெரியாமல், இரவில் நடந்து, பகலில் ஒளிந்து வந்தார்.

ஏன் அப்படி வந்தார்? சொல்கிறேன், கேளுங்கள்.

சீனாவில் லோயாங் நகரத்துக்கு அருகில் கி.பி. 602-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பிறந்தார். நான்கு ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா நன்றாகப் படித்தவர். மகனுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் பழைய நூலொன்றை அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் பேசத் தொடங்கியதும் மாணவர் எழுந்து நின்றதாக அதில் ஒரு வரி வந்தது. உடனே இந்தச் சிறுவனும் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றானாம். அந்த மாணவரே எழுந்து நின்றபோது, அப்பா பாடம் சொல்லும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டானாம். அப்போது அவனுக்கு எட்டு வயது.

பத்து வயதுவாக்கில் அப்பா காலமானார். அண்ணன் ஒருவர் ஏற்கெனவே புத்தத் துறவி. அவர் தம்பியைத் தம்மோடு மடத்துக்கு அழைத்துப் போனார். துறவிகளைத் தேர்வு செய்ய ஓர் அரசு அதிகாரி வந்தபோது, வயது போதாததால் பையனைச் சேர்க்கவில்லை. அவன் வாசல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். பதில்களைக் கேட்டு வியந்து, வயதை மறந்து சேர்த்துக்கொண்டார். அன்று அவனுக்கு வயது 13.

படிக்கப் படிக்க யுவான் சுவாங்குக்கு ஒரு தொல்லை வந்தது. புத்த நூல்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து போனவை. அவற்றை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் சீன மொழியில் எழுதியிருந்தார்கள். ஒருவர் மொழிபெயர்ப்பு ஒன்றைச் சொன்னது. இன்னொருவருடையது வேறொன்றைச் சொன்னது. ஒரே குறளுக்கு இரண்டு உரைநூல்களில் இரண்டு பொருள் இருந்தால் உங்களுக்கு எப்படியிருக்கும்? ஆசிரியரிடம் கேட்பீர்கள். அவரும் நாட்டின் பெரிய ஆசிரியர்களையெல்லாம் தேடிப்போய்க் கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். குறிப்பாக யோகாசார பூமி சாஸ்திரம் என்ற பெரிய நூல் அவர் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் சிறு பகுதிதான் சீனாவில் கிடைத்தது. முழுநூலைப் படித்தால் சந்தேகம் தீரும் என்று அவருக்குத் தோன்றியது. முழுநூல் இந்தியாவில், சமஸ்கிருதத்தில் இருந்தது. அதை நடத்தக்கூடிய ஆசிரியரும் அங்கேதான் இருந்தார்.

நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். அப்போதுதான் தாங் வம்சம் ஆட்சிக்கு வந்திருந்தது. எல்லைகளில் போர் பயம் இருந்ததால் யாரும் நாட்டை விட்டு வெளியேறக்கூடாது என்பது சட்டம். அனுமதி கிடைக்கவில்லை. நண்பர்கள் விட்டுவிட்டார்கள். யுவான் சுவாங் விடவில்லை. கி.பி. 629-ல் (627 என்று சொல்பவர்களும் உண்டு) தலைநகரான சாங்கானை விட்டுத் தனியே புறப்பட்டார்.

எல்லைக்குப் பக்கத்தில் குவாஜோ என்ற ஊர். அங்கே அவருடைய குதிரை இறந்துபோனது. அதே நேரத்தில் அவரைப் பிடித்துவரச் சொல்லி மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிட்டது! அந்த ஊர் அதிகாரியின் பெயர் லீ சாங். அவர் ஓலையை எடுத்துக்கொண்டு நேரே யுவான் சுவாங்கிடமே வந்து, இது நீங்கள்தானா என்று கேட்டார். யுவான் சுவாங் உண்மையைச் சொன்னார். லீ சாங் அந்த ஓலையை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, சீக்கிரம் கிளம்புங்கள் என்றார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

வழிகாட்ட ஓர் ஆள் கிடைத்தான். அவன் ஒரு கிழவரைக் கூட்டி வந்தான். கிழவரிடம் மெலிந்த சிவப்புக் குதிரை ஒன்று இருந்தது. பார்த்தால் பத்து மைல்கூடப் போகாது என்று தோன்றும். ஆனால் அது பாலைவனத்தை 15 முறை கடந்து போய் வந்த குதிரை, வழி அதற்குத் தெரியும் என்றார் கிழவர். யுவான் சுவாங் தம் குதிரையைக் கொடுத்து இந்தக் கிழக்குதிரையை வாங்கிக்கொண்டார். பின்னால் அவர் உயிரைக் காப்பாற்றியது இந்தக் குதிரைதான்.

வழிகாட்டியோ நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை. முதல்நாள் ராத்திரியே கத்தியை உருவிக்கொண்டு அவர் பக்கமாக வந்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பிப் போனான். காவலரிடம் மாட்டிக்கொண்டால் தன் குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்ற பயம் அவனுக்கு. பொழுது விடிந்ததும் யுவான் சுவாங் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே நடந்தார்.

எல்லைக்கு வெளியே ஐந்து காவல் கோபுரங்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் தண்ணீர். முதல் கோபுரத்தில் இருட்டில் தண்ணீர் எடுக்கப் போனபோது சர்ரென்று ஓர் அம்பு முழங்காலை உரசினாற்போலப் பாய்ந்தது. தாம் தலைநகரிலிருந்து வந்த துறவி என்று உரக்கக் கூவினார். அந்தக் காவல் தலைவர் நல்லவர். திரும்பிப் போகச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்து வழியும் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எண்ணூறு லீ தூரம் பாலைவனம். லீ என்பது சீன அளவு, ஏறக்குறைய அரை கிலோமீட்டர். வானத்தில் பறவை இல்லை, தரையில் விலங்கு இல்லை. செத்துப்போன மனிதர்கள், குதிரைகளின் எலும்புகள்தான் வழி அடையாளம். அங்கே வழி தவறினார். தண்ணீர் குடிக்கலாம் என்று தோல்பையைத் தூக்கியபோது கனம் தாங்காமல் கை நழுவியது. ஆயிரம் லீ தூரத்துக்கு என்று வைத்திருந்த தண்ணீர் முழுவதும் மணலில் கொட்டிப்போயிற்று.

இப்போது என்ன செய்வது? நான்காவது கோபுரத்துக்குத் திரும்பி நடந்தார். பத்து லீ தூரம் போயிருப்பார். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தியாவை அடையாமல் கிழக்கு நோக்கி ஓர் அடியும் வைப்பதில்லை என்று அவர் சபதம் செய்திருந்தார். குதிரையை மறுபடியும் மேற்கே திருப்பினார். நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் விழுந்தே கிடந்தார். ஐந்தாம் இரவு குளிர்ந்த காற்று வீசியது. எழுந்து கொஞ்சதூரம் போனதும் கிழக்குதிரை அவர் இழுத்த பக்கம் வராமல் வேறு பக்கம் திரும்பிப் பிடிவாதமாக நடந்தது. அங்கே பச்சைப் புல், கண்ணாடி போன்ற குளம்! குதிரை மறக்கவில்லை.

பாலைவனத்தைத் தாண்டியதும் நேர்மாறான துன்பம் வந்தது. அன்புத் தொல்லை! இன்றைய துர்ஃபான் பகுதியில் காவோசாங் என்றொரு சிறு நாடு. அதன் அரசர் யுவான் சுவாங்கைக் கண்டு மயங்கிப்போய், இங்கேயே எங்கள் குருவாக இருந்துவிடுங்கள் என்றார். முடியாது என்றதும், உங்கள் நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினார். யுவான் சுவாங் சாப்பிட மறுத்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. நான்காம் நாள் மூச்சு மெலிந்ததைப் பார்த்த அரசர் பயந்துபோய் வழிவிட்டார். திரும்பி வரும்போது மூன்று வருடம் எங்களோடு தங்கிப் பாடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். யுவான் சுவாங் வாக்குக் கொடுத்தார். இந்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே.

அரசர் கொடுத்த வழிச்செலவைக் கேளுங்கள். 100 அவுன்ஸ் தங்கம், 30,000 வெள்ளிக்காசு, 500 சுருள் பட்டு, 30 குதிரைகள். போகிற வழியிலுள்ள அரசர்களுக்கு 24 கடிதங்கள். போய்வர இருபது வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தாராம். வெளிநாட்டில் படிக்க இப்படியொரு உதவித்தொகை இன்றைக்கும் கிடைக்காது!

ஆனால் பணம் பனியைத் தடுக்குமா? தியான் ஷான் மலையைக் கடக்க ஏழு நாள் ஆயிற்று. கூட வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் குளிரிலும் பசியிலும் இறந்துபோனார்கள். பிறகு இன்றைய கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் வழியாகச் சாமர்கண்ட் நகரம். அங்கிருந்து ஆப்கானிஸ்தான். பாமியான் மலைச்சுவரில் குடையப்பட்டிருந்த மாபெரும் புத்தர் சிலைகளைப் பார்த்து எழுதி வைத்தார். அந்தச் சிலைகள் 2001-ஆம் ஆண்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இனி அவற்றை அவர் எழுத்திலும் பழைய படங்களிலும்தான் பார்க்க முடியும்.

பெஷாவர் வழியாகக் காஷ்மீரம் வந்து, அங்கே இரண்டு ஆண்டுகள் படித்தார். பிறகு மெல்ல மெல்லக் கங்கைச் சமவெளிக்கு இறங்கினார். அயோத்தியிலிருந்து படகில் போகும்போது கொள்ளையர்கள் மடக்கினார்கள். ஆண்டுதோறும் துர்க்கைக்கு ஓர் அழகான ஆளைப் பலி கொடுப்பது அவர்கள் வழக்கம். இவரைப் பார்த்ததும் இவர்தான் சரியான ஆள் என்று பிடித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் அமைதியாகத் தியானம் செய்ய விடுங்கள் என்று கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திடீரென்று சூறாவளி எழுந்தது. மரங்கள் ஒடிந்தன, படகுகள் கவிழ்ந்தன. கொள்ளையர் நடுங்கிப்போய்க் காலில் விழுந்தார்கள். அவருடைய சீடர் ஹுய்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. குருமீது சீடருக்கு இருந்த பக்தியையும் நாம் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்தான்.

ஒருவழியாக நாளந்தா! இன்றைய பீகார் மாநிலத்தில் இருந்த பெரிய கல்விச்சாலை. அங்கே நுழைவது சுலபம் இல்லை. வாசலிலேயே கடினமான கேள்விகள் கேட்பார்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பதில் தெரியாமல் திரும்பிப் போவார்களாம். பத்தாயிரம் பேர் அங்கே இருந்தார்கள் என்கிறது ஹுய்லியின் நூல். சில பத்தாண்டுகள் கழித்து வந்த இத்சிங் என்ற இன்னொரு சீன மாணவர் மூவாயிரத்துக்கு மேல் என்கிறார். எப்படிப் பார்த்தாலும் மிகப் பெரிய இடம்தான். தினமும் நூறு இடங்களில் பாடம் நடக்கும். செலவுக்காக அரசர் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் வருமானத்தை எழுதி வைத்திருந்தார். அதனால் மாணவர்கள் சாப்பாட்டுக்கும் துணிக்கும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

யுவான் சுவாங்கைக் கொடி, குடை, பூக்களோடு வந்து வரவேற்றார்கள். தலைமை ஆசிரியர் சீலபத்ரர். அவருக்கு அப்போது 106 வயது என்று ஹுய்லி எழுதுகிறார். சீன மாணவர் முழங்காலால் நகர்ந்து போய் அவர் பாதத்தைத் தொட்டு வணங்கினார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார் பெரியவர். சீனத்திலிருந்து, உங்களிடம் யோக சாஸ்திரம் படிக்க என்றார் இவர். அதைக் கேட்டதும் அந்தக் கிழவர் அழுதுவிட்டார். நோயின் வலி தாங்காமல் உயிரை விட நினைத்திருந்த அவருக்கு, படிக்க ஒரு சீனத் துறவி வருவார், காத்திரு என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் கனவு வந்திருந்ததாம்.

விடுதி வாழ்க்கை எப்படி? மாடியில் அறை. தினமும் 20 பாக்கு, 20 ஜாதிக்காய், கொஞ்சம் கர்ப்பூரம், ஒரு படி மகாசாலி அரிசி. அந்த அரிசி அவரை விதையைவிடப் பெரியது, வேகும்போதே மணம் வீசும், அரசர்களுக்கும் பெரும் புலவர்களுக்கும் மட்டுமே கிடைக்கும். அதோடு எண்ணெய், நெய், வெளியே போக யானை. எங்கள் பயிற்சிப் பள்ளி விடுதியில் எங்களுக்குக் கிடைத்தது நீர்மோர்தான்!

சொகுசைக் கண்டு மயங்கும் ஆள் அல்ல அவர். யோகாசார பூமி சாஸ்திரத்தைச் சீலபத்ரர் முதல் முறை நடத்தி முடிக்க 15 மாதம் ஆயிற்று. யுவான் சுவாங் அதை மூன்று முறை கேட்டார். அதோடு தர்க்கம், சமஸ்கிருத இலக்கணம் எல்லாம் படித்தார். சீன மொழியில் வினைச்சொல் வடிவம் மாறுவதே இல்லை. சமஸ்கிருதத்திலோ ஒருமை, பன்மை போதாதென்று நடுவில் இருமை வேறு! இலக்கண வகுப்பில் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகள் அவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நாளந்தாவில் ஐம்பது நூல் தொகுதிகளை விளக்க வல்லவர்கள் பத்தே பேர் என்ற நிலை இருந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவராக அவர் ஆனார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். வங்கக் கரையிலிருந்து இலங்கைக்குக் கப்பலேற எண்ணம். அங்கே சந்தித்த ஒரு தென்னாட்டுத் துறவி, கடலில் நெடுந்தூரம் போவது ஆபத்து, தென்கோடி வரை தரைவழியே போனால் மூன்று நாள் கடல் பயணம்தான் என்றார். ஆகவே ஒரிசா, ஆந்திரம் என்று நடந்து, கி.பி. 640 வாக்கில் எங்கே வந்தார் தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக்கு!

காஞ்சி நகரின் சுற்றளவு முப்பது லீ, மண் வளமானது, வெப்பம் அதிகம் என்று குறித்துக்கொண்டார். மக்கள் தைரியசாலிகள், நம்பத் தகுந்தவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட புத்த மடங்களையும், எண்பது தெய்வக் கோயில்களையும் சொல்கிறார். அப்போது ஆண்டவர் மாமல்லர் எனப்படும் நரசிம்மவர்ம பல்லவர். அவர் பெயரை யுவான் சுவாங் குறிப்பிடவே இல்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்த ஓர் அறிஞரின் பெயரை மறக்காமல் எழுதினார். அவர் தர்மபாலர். காஞ்சி அமைச்சர் ஒருவரின் மகன். அரசர் மகளோடு திருமணம் நிச்சயமான பிறகு, அதற்கு முன்தினம் இரவு துறவியாகிப் போனவர். நாளந்தாவின் தலைவரான அவரிடம் படித்தவர்தான் சீலபத்ரர். புரிகிறதா? தம் ஆசிரியருக்கு ஆசிரியர் பிறந்த ஊருக்கு வந்து நின்றார் இந்த மாணவர்.

இலங்கைப் பயணம் மட்டும் நடக்கவில்லை. அங்கே அரசர் இறந்து பஞ்சமும் வந்துவிட்டது என்று 300-க்கும் மேற்பட்ட துறவிகள் காஞ்சிக்கே வந்து சேர்ந்தார்கள். யுவான் சுவாங் அவர்களிடம் தம் சந்தேகங்களைக் கேட்டார். சீலபத்ரர் சொன்னதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆகவே காஞ்சியிலிருந்தே திரும்பி, மராட்டியம், குஜராத், சிந்து என்று மேற்குக்கரையைச் சுற்றிக்கொண்டு நாளந்தாவுக்கு வந்தார்.

ஹர்ஷர் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்கள் பாடத்தில் இருக்கிறது. கி.பி. 643-ல் கன்னோசியில் 18 அரசர்கள் கூடிய பெரிய சபை. யுவான் சுவாங்கின் வாதத்தை எழுதி வாசலில் மாட்டினார்கள். அதில் ஒரு சொல் தவறென்று நிரூபித்தாலும் தலையைத் தருவதாக அறிவிப்பு. 18 நாள் யாரும் முன்வரவில்லை. ஹர்ஷர் இங்கேயே இருங்கள் என்றார். நாளந்தா நண்பர்களும் அதையே சொன்னார்கள். சீலபத்ரர் ஒருவர்தான் தடுக்கவில்லை. படித்ததைத் தம் ஊர் மக்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற மாணவரின் எண்ணம் அவருக்குப் புரிந்திருந்தது.

கப்பலில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் காவோசாங் அரசருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே! அதற்காக மறுபடியும் மலைவழியே புறப்பட்டார். ஹர்ஷர் ஒரு பெரிய யானையும், அதன் தீனிச் செலவுக்குக்கூடப் பணமும் கொடுத்தார்.

சிந்து நதியைக் கடக்கும்போது யுவான் சுவாங் யானைமேல் இருந்தார். சுவடிகள் படகில் இருந்தன. நட்டாற்றில் காற்று எழுந்து படகை ஆட்டியது. காவலுக்கு இருந்தவர் தண்ணீரில் விழுந்தார். அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஐம்பது கட்டுச் சுவடிகள் போய்விட்டன. பத்து ஆண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சேர்த்தவை! இன்றுபோல் ஜெராக்ஸ் எடுக்க முடியுமா? அக்கரையில் ஐம்பது நாள் தங்கி, பக்கத்து நாட்டுக்கு ஆள் அனுப்பிக் கிடைத்தவரை பிரதி எழுதி வாங்கினார். எல்லாம் கிடைக்கவில்லை.

பாமீர் மலையில் கொள்ளையர் துரத்த, யானையும் தண்ணீரில் மூழ்கி இறந்தது. கோட்டான் நகரத்தை அடையும் சமயத்தில் இன்னொரு செய்தி காத்திருந்தது. காவோசாங் அரசர் இறந்துவிட்டார். அவர் நாட்டையும் 640-ல் சீனப்படை பிடித்துக்கொண்டது. யாருக்காக அந்தக் கடினமான வழியில் வந்தாரோ அவர் இல்லை. வாக்கை நிறைவேற்ற வழியே இல்லாமல் போயிற்று.

கோட்டானிலிருந்து சீனப் பேரரசர் தாய்சோங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுமதி இல்லாமல் போனது நான்தான், இப்போது திரும்பி வருகிறேன், சுவடிகளைச் சுமக்க யானை இல்லை என்று. தண்டனை கிடைக்குமோ, வரவேற்பு கிடைக்குமோ, தெரியாது. ஏழெட்டு மாதம் காத்திருந்தார். பதில் வந்தது. உடனே வந்து என்னைப் பாருங்கள், வழியிலுள்ள அதிகாரிகள் ஆளும் குதிரையும் தருவார்கள் என்று.

கி.பி. 645 தொடக்கத்தில் சாங்கான் நகருக்குள் நுழைந்தபோது தெருவில் கால் வைக்க இடமில்லை. 20 குதிரைகளில் 657 நூல்கள் வந்தன. அவரை அமைச்சராக இருக்கச் சொன்னார் பேரரசர். வேண்டாம், மொழிபெயர்க்க ஓர் இடம் போதும் என்றார் அவர். பார்த்த நாடுகளைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பேரரசர் கேட்டதை மட்டும் 646-ல் முடித்துக் கொடுத்தார். 138 நாடுகளைப் பற்றிய அந்த நூலை வைத்துக்கொண்டுதான் 1861-ல் கன்னிங்ஹாம் என்ற ஆங்கிலேயர், பீகாரில் பர்கான் கிராமத்து மண்மேடுகளே நாளந்தா என்று அடையாளம் கண்டார். நாளந்தா என்ற இடத்தை நமக்குத் திருப்பிக் கொடுத்தது அங்கே படித்த மாணவரின் குறிப்புதான்.

பிறகு 19 ஆண்டுகள் மொழிபெயர்ப்பு வேலை. பகலில் வேறு வேலை வந்து தடைபட்டால் ராத்திரி விழித்திருந்து அன்றைய பங்கை முடிப்பார். விடியுமுன் எழுந்து, அன்று செய்ய வேண்டிய பகுதியைச் சிவப்பு மையால் குறிப்பார். மொத்தம் 75 நூல்கள், 1,335 சுருள்கள். காஞ்சித் தர்மபாலர் எழுதிய விளக்கத்தின் சமஸ்கிருத மூலம் அழிந்துவிட்டது. அதை முக்கியமாக வைத்து யுவான் சுவாங் 659-ல் சீனத்தில் தொகுத்த நூல் இருப்பதால்தான் அந்தக் காஞ்சிக்காரரின் சிந்தனை இன்றும் கிடைக்கிறது. சுவடிகளைத் தீயிலிருந்து காக்க 652-ல் ஒரு கோபுரம் கட்டினார்கள். யுவான் சுவாங்கும் கூடையில் கல் சுமந்தார். பெரிய காட்டு வாத்துக் கோபுரம் என்ற பெயரில் அது இன்றும் சியான் நகரில் நிற்கிறது.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மூலம் சீலபத்ரர் காலமான செய்தியை அறிந்தார். அவருடைய மாணவர் ஞானப்பிரபர் அன்புடன் கடிதமும் துணியும் அனுப்பியிருந்தார். 654-ல் யுவான் சுவாங் பதில் எழுதினார். ஆசிரியர் போன துயரத்தைச் சொல்லி, எந்தெந்த நூல்களை மொழிபெயர்த்துவிட்டேன் என்று தெரிவித்து, கடைசியில் ஒரு பட்டியலைச் சேர்த்தார். அது சிந்து நதியில் போன சுவடிகளின் பட்டியல். யாராவது இந்தப் பக்கம் வந்தால் இவற்றைக் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். படகு ஆடிப் பத்து வருடம் ஆகியும் அவர் மறக்கவில்லை.

கடைசியாக எடுத்துக்கொண்டது மகா பிரஜ்ஞா பாரமிதை. 600 சுருள்கள். சுருக்கிச் செய்யலாம் என்று சீடர்கள் சொன்னார்கள். ஒரு சொல்லும் விடாமல் 660 முதல் 663 வரை உட்கார்ந்து முடித்தார். அடுத்த ஆண்டு பிறந்ததும் சீடர்கள் இன்னொரு பெரிய நூலைத் தொடங்கச் சொன்னார்கள். அவர்கள் மனத்துக்காகச் சுவடியைப் பிரித்துச் சில வரிகள் மொழிபெயர்த்தார். பிறகு மூடி வைத்தார். இதுவும் முன்னதைப் போலவே பெரிது, என் உடம்பில் இனி அவ்வளவு பலமில்லை என்றார். சில நாள் கழித்து வாய்க்கால் ஒன்றைத் தாண்டும்போது கால் இடறிக் கணுக்காலுக்கு மேல் சிராய்த்தது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கி.பி. 664-ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம் ஐந்தாம் நாள் இரவு அவர் காலமானார்.